படச்சுருளின் ஓரத்தில் நிற்பவர் யார்?

திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தை அறியாதார் தமிழகத்தில் இலர். பதினொரு நிலை; ஏறத்தாழ 192 அடி உயரம். தமிழக அரசின் இலச்சினையில் நிற்பது அக்கோபுரத்தின் வடிவமே என்று பலரும் கூறுவர். 1949-ஆம் ஆண்டளவில் உருப்பெற்ற அந்த இலச்சினை, அரசாணையின் தலையிலும் பள்ளிச் சான்றிதழின் நெற்றியிலும் ஏறி, வீடு வீடாக வந்துகொண்டிருக்கிறது. கோபுரம் இப்படி ஊர் ஊராய் உலா வருகிறது. ஆனால் அதற்குக் கல் சுமந்த தோள் எவருடையது? சுண்ணாம்பு குழைத்த கை எவருடையது? சாரத்தின் உச்சியில் நின்று கீழே பார்த்தபோது தலைசுற்றிய சிற்றாளின் பெயர் என்ன? கேட்டுப் பாருங்கள், கோபுரம் பேசாது.

அங்கிருந்து ஏழெட்டு மைல் சென்றால் இராசபாளையம். 1936-இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா நிறுவிய நூற்பாலை அவ்வூரைத் தொழில் நகராக்கிற்று. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் பேண்டேஜ் துணியை நெய்து குவிக்கின்றன. எங்கோ ஒரு மருத்துவமனையில், எவனோ ஒருவனின் புண்ணை அத்துணி பொதிகிறது. கட்டுப் போட்டவரை நோயாளி அறிவான். கட்டுத்துணியை நெய்தவரை எவர் அறிவார்? ஆலையின் பெயர் ஏட்டில் இருக்கிறது. நிறுவியவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. முதல் நாள் சங்கு ஊதியபோது உள்ளே நுழைந்த தொழிலாளர்களை எந்த ஏட்டில் தேடுவது?

வரலாறு என்பது பெயருள்ளவர்களின் கதையாகவே நமக்குச் சொல்லப்பட்டது. கல்வெட்டு, வெட்டச் சொன்னவனைப் புகழும். செப்பேடு, கொடுத்தவனையும் கொண்டவனையும் சொல்லும். உழுதவனை, நிலத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட ஒரு பொருளாகச் சொன்னாலும் சொல்லும். இந்தப் பழைய சாட்சிகளுக்கு நடுவே 1895-ஆம் ஆண்டு ஒரு புதுச் சாட்சி பிறந்தது. பாரிசு நகரில் லூமியேர் உடன்பிறந்தார் அசையும் படத்தைத் திரையிலே காட்டினர். பத்தாண்டு கழிந்து, திருச்சியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துத் தமிழனுக்கு அந்த விந்தையைக் காட்டினார்.

இப்புதுச் சாட்சிக்கு ஓர் அரிய குணம் உண்டு. உளி, தன்னைப் பிடித்தவன் நினைத்ததை மட்டுமே வெட்டும். படப்பிடிப்புக் கருவியோ எதிரே நிற்பதையெல்லாம் விழுங்கிவிடும். மன்னனைப் படம் எடு என்று ஆணை பிறக்கிறது. கருவி மன்னனை எடுக்கிறது. அவனுக்குக் குடை பிடித்து நிற்பவனையும், வழியோரத்தில் பசித்த கண்ணோடு நிற்கும் சிறுவனையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது! எடுத்தவன் அறியான், எடுக்கச் சொன்னவன் அறியான், சுருள் அறியும். பல்லாண்டு கழித்து அந்தச் சுருளை விரித்து, மன்னனை விட்டுவிட்டுச் சிறுவனைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வருவாரானால், அங்கே புதிய வரலாறு பிறக்கிறது. பழஞ்சுருள்களைத் தொகுத்து எடுக்கப்படும் ஆவணப்படங்களின் சிறப்பு இதுவே.

அரசன் எடுத்தான், மக்கள் பார்த்தனர்

உருசிய நாட்டில் சார் மன்னன் தன் குடும்பத்தைப் படம் எடுக்கத் தனிப் படப்பிடிப்பாளரை வைத்திருந்தான். விழா, விருந்து, அணிவகுப்பு, கப்பல் உலா எல்லாம் சுருள் சுருளாகச் சேர்ந்தன. பெருமைக்காக எடுத்தவை அவை. முடியாட்சி வீழ்ந்தது. எஸ்பிர் ஷூப் என்னும் பெண்மணி கவனிப்பாரற்றுக் கிடந்த அச்சுருள்களையும் பழைய செய்திப் படங்களையும் தேடித் திரட்டி, அடி அடியாகப் பார்த்து, வெட்டி ஒட்டி, 1927-இல் ‘ரோமனோவ் மரபின் வீழ்ச்சி’ என்னும் படத்தை உருவாக்கினார்.

சீமான்களும் சீமாட்டிகளும் கப்பல் தளத்திலே நடனமாடுகின்றனர். ஆடிக் களைத்து வியர்வையைத் துடைக்கின்றனர். அடுத்த காட்சியில் உழைப்பாளி மண்ணிலே பாடுபட்டு வியர்வை சிந்துகிறான். இடையே நெடிய விளக்கம் ஏதுமில்லை. இரண்டு வியர்வைகளையும் அருகருகே வைத்தார், அவ்வளவுதான். அரசன் தன் புகழுக்காக எடுத்த சுருளே அரசனுக்கு எதிரான சாட்சியாயிற்று. பகைவனின் பெட்டியிலிருந்தே பகைவனுக்கு எதிரான சான்றை எடுக்கும் இக்கலையை உலகுக்குக் கற்றுத் தந்த முன்னோடிகளுள் தலையாயவர் ஒரு பெண் என்பதை நம் தோழியர் நினைவிற் கொள்வார்களாக.

கோட்டையூர் இளைஞரின் பயணம்

இத்தகைய பெருமுயற்சி மேனாட்டாருக்கே இயலும் என்று எண்ணுவோர் உண்டு. அவர்கள் செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ஏ. கே. செட்டியாரின் கதையைக் கேட்க வேண்டும்.

சப்பானிலும் அமெரிக்காவிலும் நிழற்படக் கலை பயின்ற இளைஞர் அவர். 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் செல்லும் கப்பலில் இருந்தபோது, காந்தியாரின் வாழ்வை ஆவணப்படமாக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. கையில் பெரும் பணமில்லை, பின்னால் அரசில்லை. இருந்த அரசோ காந்தியாரைச் சிறையில் வைத்துப் பழகிய அரசு! ஆயினும் புறப்பட்டார். நான்கு கண்டங்களில் ஏறத்தாழ ஓரிலட்சம் மைல் அலைந்தார். செய்திப்பட நிறுவனங்களின் கிடங்குகளில் தேடினார். தனியார் பெட்டிகளைத் திறக்கச் செய்தார். முப்பதாண்டுக் காலத்தில் நூறு பேர்வரை எடுத்திருந்த படச்சுருள்களிலிருந்து 50,000 அடி திரட்டினார். அதைச் சுருக்கி 12,000 அடியாக்கினார். 1940 ஆகஸ்ட் 23 அன்று ‘மகாத்மா காந்தி’ தமிழ் விளக்கவுரையோடு வெளியாயிற்று. காந்தியாரின் வாழ்வைக் கூறும் முழுநீள ஆவணப்படம் முதலில் பேசியது தமிழ்!

பின்னர் தெலுங்கிலும் இந்தியிலும் அது பேசிற்று. 1953-இல் ஆங்கில வடிவம் அமெரிக்கத் தலைநகரில் திரையேறிற்று. அதன்பின் நேர்ந்ததுதான் நெஞ்சைச் சுடுகிறது. உலகெங்கும் சிதறிக் கிடந்த சுருள்களை ஒன்று சேர்த்த அப்படத்தின் சுருளே சிதறிப் போயிற்று. தமிழ்ப் படி கண்ணுக்கு எட்டாமல் மறைந்தது. ‘குமரி மலர்’ என்னும் திங்களிதழை நாற்பதாண்டு நடத்திய செட்டியார், தம்மைப்பற்றி விளம்பரம் தேடாமலே 1983-இல் மறைந்தார். வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி போன்றோரின் நெடிய தேடலுக்குப் பின், சுருக்கப்பட்ட ஆங்கில வடிவம் ஒன்று அமெரிக்கப் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருப்பது தெரியவந்தது. தமிழன் எடுத்த படத்தைக் காண, தமிழன் கடல்கடக்க வேண்டிய நிலை! மறக்கப்பட்டவர்களை நினைவூட்டும் வகைப் படத்தை எடுத்தவரே மறக்கப்பட்டார் என்றால், நம் நினைவாற்றலைப்பற்றி நாம் என்ன பெருமை பேசுவது?

கூட்டத்தில் நின்ற முகம்

செட்டியாரின் முயற்சியை வணங்கும் வேளையிலேயே ஒரு கேள்வியையும் எழுப்பியாக வேண்டும். பகுத்தறிவாளனின் வணக்கம் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வணக்கமன்று.

உலகில் மிகுதியாகப் படம் எடுக்கப்பட்ட மனிதருள் காந்தியார் ஒருவர். அவர் நடந்தால் கருவி நடந்தது. அவர் அமர்ந்தால் கருவி அமர்ந்தது. அவர் இராசபாளையத்துக்கும் வந்தவர். 1927-ஆம் ஆண்டுத் தமிழகப் பயணத்தில் கதர் நூற்பும் நெசவும் நடந்த அவ்வூரில் பேசினார். அவ்வூரின் பூ. ச. குமாரசாமி ராஜா, பின்னாளில் 1949 முதல் 1952 வரை சென்னை மாநில முதலமைச்சராயிருந்தவர். தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு அளித்தவர். இவை ஏட்டில் உள்ளவை. ஆனால் அன்றைய கூட்டத்திலே நின்றவர்கள்? நூற்ற நூலைக் கையில் ஏந்தி வந்த மூதாட்டி? கூட்டத்துக்குள் வரலாமா கூடாதா என்று தயங்கி, சேரியின் எல்லையிலேயே நின்றுவிட்டவன்? அக்காலச் செய்திப் படங்கள் எதை எடுத்துப் பார்த்தாலும், நடுவிலே ஒரு பெயர். சுற்றிலும் ஆயிரம் முகம். பெயர் ஒன்று, முகம் ஆயிரம்! அந்த ஆயிரத்துக்கும் பெயர் இருந்தது. தாய் வைத்த பெயர். தெருவில் கூப்பிட்ட பெயர்.

அப்பெயர்களை மீட்க முடியுமா? முடியும் என்று காட்டியது போலந்து நாட்டுச் சிற்றூர் ஒன்று.

1938 ஆகஸ்டில், அமெரிக்காவில் குடியேறிய ஒருவர் தாம் பிறந்த நாட்டைச் சுற்றிப் பார்க்கச் சென்றார். நசியெல்ஸ்க் என்னும் ஊரில் கைக்கருவியால் சிறிது நேரம் படம் எடுத்தார். கடைத்தெரு, தொழுகைக்கூடத்து வாயில், கருவியைக் கண்டு முண்டியடித்துச் சிரிக்கும் பிள்ளைகள். மொத்தம் மூன்று மணித்துளிகள். மறு ஆண்டில் இட்லரின் படை புகுந்தது. அவ்வூரில் ஏறத்தாழ மூவாயிரம் யூதர் வாழ்ந்தனர். போர் முடிந்தபோது உயிரோடு எஞ்சியவர் நூறு பேர்கூட இல்லை. அச்சுருள் அமெரிக்காவில் ஒரு வீட்டு அலமாரியில் கிடந்தது. 2009-இல் எடுத்தவரின் பேரன் அதைக் கண்டெடுத்தார். சுருங்கி, ஒட்டி, அழியும் தறுவாயிலிருந்தது. காப்பகத்தார் அதைப் புதுப்பித்துப் பொதுப்பார்வைக்கு வைத்தனர். ஒரு பெண் அதைப் பார்த்துத் திடுக்கிட்டாள்: சிரிக்கும் சிறுவர்களுள் ஒருவன் தன் பாட்டனைப் போலிருந்தான்! அவளுடைய பாட்டன், எண்பது வயதைக் கடந்தவர், உயிரோடிருந்தார். படத்தைக் காட்டினர். பதின்மூன்று வயதில் சிரித்த தம் முகத்தைக் கண்டார். அவர் வாய் திறந்ததும், சுருளிலிருந்த மற்ற முகங்களும் ஒவ்வொன்றாகப் பெயர் பெறத் தொடங்கின.

2021-இல் பியாங்கா ஸ்டிக்டர் அந்த மூன்று மணித்துளியை மட்டுமே கொண்டு ஒரு மணி நேரத்துக்கும் மேலான படத்தை ஆக்கினார். கடையின் பெயர்ப்பலகை, சட்டையின் பொத்தான், கதவின் செதுக்கு வேலை ஒவ்வொன்றையும் நிறுத்திக் கேள்வி கேட்கிறது அப்படம். அள்ளிய சுருளின் அளவிலே பெருமை இல்லை. மூன்று மணித்துளி போதும், கேட்கத் தெரிந்தால்! கேட்பதற்கு உரியவர் உயிரோடிருக்கும்போதே கேட்டால்!

குறுக்கு விசாரணை

சாட்சி என்றால் பொய்ச் சாட்சியும் உண்டு. திரையில் தெரிந்ததையெல்லாம் மெய்யென்று நம்புவது, கல்லில் இருப்பதையெல்லாம் கடவுள் என்று நம்புவதற்கு எவ்வகையிலும் குறைந்த பேதைமையன்று.

1942 மே மாதத்தில் நாசிகள் வார்சா நகரின் யூதச் சேரியில் படம் எடுத்தனர். முடிவுறாத அப்படத்தின் சுருள்கள் போருக்குப்பின் கிழக்கு செருமனியில் கிடைத்தன. செல்வ யூதர் விருந்துண்கின்றனர். வறிய யூதர் தெருவில் மடிகின்றனர். உடையார் இல்லாரைத் திரும்பியும் பாரார். நெடுங்காலம் வரலாற்றுப் படங்கள் பலவும் இக்காட்சிகளை எடுத்தாண்டன. 1998-இல் மற்றொரு சுருள் வெளிப்பட்டது. வெட்டி எறியப்பட்ட துண்டுகள் அதில் இருந்தன. ஒரே காட்சி மீண்டும் மீண்டும் எடுக்கப்பட்டிருந்தது! விருந்து, கட்டளையிட்டு நடத்திய நாடகம் என்பது வெட்ட வெளிச்சமாயிற்று. பசி மெய், பிணம் மெய், விருந்து பொய். யாயெல் ஹெர்சோன்ஸ்கி என்னும் இசுரேலியப் பெண்மணி 2010-இல் எடுத்த ஆவணப்படம் இதை விளக்குகிறது. சேரியிலிருந்து உயிர் பிழைத்த முதியவர்களை இருட்டறையில் அமர்த்தி அச்சுருளைக் காட்டுகிறார். அவர்களின் கண்ணே அங்கு நீதிபதி.

நம் மண்ணிலும் இப்பாடம் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், ஹூப்பர் என்னும் வெள்ளைப் படை அதிகாரி எலும்பும் தோலுமான மக்களை வரிசையாக அமர்த்தி நிழற்படம் எடுத்தார். இன்று பஞ்சத்தைப்பற்றிய ஆவணப்படங்களில் அவையே முதன்மைச் சான்று. அப்படங்கள் இல்லையெனில், பஞ்சமே கட்டுக்கதை என்று சொல்லும் துணிவு சிலருக்கு வந்திருக்கும். ஆயினும் அவற்றைப் பார்க்கும்போது கேட்க வேண்டும்: நிற்கவும் வலுவில்லாதவர்களை இப்படி அடுக்கி வைத்தது யார்? படம் எடுத்து முடிந்தபின் அவர்களுக்குக் கஞ்சி கிடைத்ததா? படத்தின் ஓரத்துக்கு அப்பால் யார் நின்றார்கள்? சான்றைப் பயன்படுத்துவோம், சான்று எடுத்தவனையும் கூண்டில் ஏற்றுவோம்.

எரிந்த முகம்

பொய்ச் சாட்சியினும் கொடியது, சாட்சியைக் கொல்வது.

குமரி மாவட்டத்து அகத்தீசுவரத்தில் பிறந்த ஜே. சி. டேனியல், திருவிதாங்கூரின் முதல் திரைப்படமான ‘விகதகுமாரன்’ என்னும் மௌனப் படத்தை எடுத்தார். பழைய நூல்கள் 1928 என்றும், பிற்கால ஆய்வாளர் 1930 என்றும் அதன் ஆண்டைக் குறிப்பர். அதிலே தலைவியாக நடித்தவர் பி. கே. ரோசி, ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஏழைப் பெண், நாட்டுப்புற நாடகத்தில் நடித்துப் பழகியவர். அவர் ஏற்ற வேடமோ நாயர் குலப் பெண். திருவனந்தபுரத்தில் படம் ஓடியபோது சாதி வெறியர் கொதித்தெழுந்தனர். தாழ்த்தப்பட்டவள் உயர்குலப் பெண்ணாக நடிப்பதா? திரையைத் தாக்கினர். அப்பெண்ணை ஊரைவிட்டே துரத்தினர். அவர் தமிழகத்துக்குத் தப்பி வந்து, பெயரை மறைத்து, நடிப்பை மறந்து, குடும்பப் பெண்ணாக வாழ்ந்து மறைந்தார். திரையில் தோன்றிய ஒரு பெண், தன் வாழ்நாள் முழுதும் தான் தோன்றியதையே சொல்ல முடியாமல் வாழ்ந்தார்!

அப்படத்தின் சுருள் இன்று இல்லை. ரோசியின் முகம் இதுதான் என்று ஐயமறச் சொல்லத்தக்க படம்கூட இல்லை. 2013-இல் கமல் என்னும் மலையாள இயக்குநர் டேனியலின் கதையைத் திரைப்படமாக்கினார். வேறொரு பெண்ணின் முகத்தைக்கொண்டுதான் ரோசியைக் காட்ட முடிந்தது. சாதி ஒருவரின் வாழ்வை அழித்ததோடு நிற்கவில்லை. நினைவைத் தொடுவதற்கு ஒரு நிழலையும் விட்டுவைக்கவில்லை.

தென்னாட்டின் மற்றொரு மௌனப் படமான ‘மார்த்தாண்ட வர்மா’ 1933-இல் வெளியாயிற்று. கதையின் உரிமைபற்றி நூல் வெளியீட்டாளர் வழக்குத் தொடுத்தார், படம் நிறுத்தப்பட்டது, சுருள் பறிமுதலாயிற்று. தயாரித்தவருக்குப் பேரிழப்பு. ஆனால் வழக்கிலே சிக்கிக் கட்டிப்போட்ட சுருள் பத்திரமாய்க் கிடந்தது! 1964-இல் புனேயில் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பி. கே. நாயர் பின்னாளில் அதை மீட்டார். தென்னாட்டு மௌனப் படங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை; ஏறத்தாழ முழுமையாக நமக்கு எஞ்சியது இதுவொன்றே. மற்றவை எங்கே? நடராச முதலியாரின் ‘கீசக வதம்’ எங்கே? தமிழ்த் திரையின் முதற் பெண் இயக்குநர் டி. பி. இராசலட்சுமி 1936-இல் ஆக்கிய ‘மிஸ் கமலா’ எங்கே? அக்காலச் சுருள் நைட்ரேட்டால் ஆனது. பொறி பட்டால் பற்றும். கிடங்குத் தீயில் சில எரிந்தன. பூச்சிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கப் பல சுருள்கள் எடைக்கு விற்கப்பட்டன. இராசா வேடத்தின் தலையில் இருந்த அட்டை முடியை மட்டும் பத்திரமாய் வைத்துக்கொண்டு, உண்மை வெள்ளிக்காக வரலாற்றை உருக்கினோம்!

புதைந்தது மீளவும் கூடும். கனடா நாட்டு டாசன் நகரில் 1929-இல் நீச்சற்குளத்தை மூடக் குப்பையோடு குப்பையாய்ப் படச்சுருள்களைக் கொட்டினர். 1978-இல் அவ்விடத்தைத் தோண்டியபோது 533 சுருள்கள் வெளிவந்தன. உறைந்த மண் அவற்றைக் காத்திருந்தது. பில் மோரிசன் அவற்றைக் கொண்டு 2016-இல் அந்நகரின் கதையைத் திரையில் சொன்னார். நம் மண் உறைமண்ணன்று. கரையானும் வெப்பமும் ஆளும் மண். இங்கே காத்திருந்தால் கிடைப்பது புழுதியே.

நம்மை நாமே கேட்போம்

அரசரையும் ஆதிக்கக்காரரையும் கேள்வி கேட்பது எளிது. தோழர்களே, நம்மையும் கேட்டுக்கொள்வோம். 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்தபோது சென்னையில் திரண்ட மக்கள் வெள்ளத்தின் படங்களை நாம் கண்டிருக்கிறோம். மரத்திலே மனிதர், மாடியிலே மனிதர், தொடர்வண்டிக் கூரையிலே மனிதர். அப்படங்களில் நாம் எவருடைய பெயரைச் சொல்வோம்? மேடையில் பேசியவர் பெயர் நினைவிருக்கிறது. மேடைக்குக் கம்பு நட்டவர், விடிய விடியச் சுவரெழுதியவர், மாநாட்டுப் பந்தலில் சோறு வடித்த பெண்கள், சாதி மறுத்து மணந்ததால் ஊரிழந்த இணையர் ஆகியோரின் பெயரை நாம் எழுதி வைத்தோமா? தலைவரை நடுவில் நிறுத்தி எடுத்த நிழற்படங்களைச் சட்டமிட்டு மாட்டினோம். பின்வரிசையில் நின்றவர் பெயரைப் படத்தின் பின்புறம் எழுதி வைக்க நான்கு மணித்துளி செலவிட மறந்தோம். சமத்துவம் பேசும் இயக்கத்துக்கு இது சிறு குறையன்று.

இரண்டு ஊர்களில் தொடங்குவோம்

அரசு செய்யட்டும், பல்கலைக்கழகம் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டா. திருவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் உள்ள இளைஞர் பத்துப்பேர் கூடினால் தொடங்கக்கூடிய பணி இது.

வீடுகளில் கேளுங்கள். பழைய பெட்டிகளில் எட்டு மில்லிமீட்டர்ச் சுருள் கிடக்கும். திருமணத்தைப் பதிந்த வீடியோ நாடா கிடக்கும். ஆலைத் தொழிலாளர் ஒன்றாய் நின்ற நிழற்படம் சுவரில் தொங்கும். தேர்தல் ஊர்வலத்தின் படம் கண்ணாடி உடைந்த சட்டத்தில் இருக்கும். 1952-இல் காமராசரையும் 1957-இல் முத்துராமலிங்கத் தேவரையும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி திருவில்லிபுத்தூர். அத்தேர்தல்களில் முதன்முறை வாக்களித்த மக்களின் நினைவைத் திரட்டுவது, வென்றவரின் வாழ்க்கை வரலாற்றினும் எவ்வகையில் தாழ்ந்தது?

ஆடிப்பூரத் தேரோட்டத்தின் பழம்படம் கிடைத்தால், தேரின் உயரத்தை அளந்து வியந்து நிற்காதீர்கள். வடத்தைப் பிடித்த கைகளைப் பாருங்கள். கூட்டம் எங்கே முடிகிறது, அதற்கு அப்பால் தனித்து நிற்பவர் யார் என்று பாருங்கள். கோயில் நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1939-இல் வந்தது. விரிந்த சட்டம் 1947-இல் வந்தது. படம் அதற்கு முந்தியதாயின், அதில் இல்லாத முகங்களே அதன் முதற்செய்தி. இருப்பவரைப் படிப்பது பாதி வரலாறு. இல்லாதவரைப் படிப்பது மறுபாதி.

சுருளைத் திறந்ததும் வினிகர் போன்ற புளித்த நாற்றம் வீசினால், அது அழியத் தொடங்கிவிட்டது என்று பொருள். மற்றச் சுருள்களிலிருந்து அதைப் பிரித்து வையுங்கள். ஆர்வத்தால் பழைய காட்டுகருவியில் ஓட்டிப் பார்த்தால் அறுந்துபோகும். தேர்ந்தவரிடம் கொடுத்து எண்ணியப் படியாக்குங்கள். படியெடுத்ததும் மூலத்தை எறிந்துவிடாதீர்கள். குளிர்ச்சியும் உலர்வும் உள்ள இடத்தில் வையுங்கள். ஒரு படி ஓரிடத்தில், மற்றொரு படி வேறிடத்தில் இருக்கட்டும். உரியவரின் இசைவின்றி எதையும் வெளியிடாதீர்கள். ஏழையின் படம் என்பதால் அது எவருக்கும் உரிய பொருளாகிவிடாது.

இவற்றினும் முதன்மையானது ஒன்று. முதியவரை அழைத்து வந்து திரைமுன் அமர்த்துங்கள். நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள். “இவர் யார்? எந்தத் தெரு? என்ன வேலை?” என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். சயாம்–பர்மா இரயில் பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளர்க்கு அப்படித்தான் குரல் கிடைத்தது. 1942-க்கும் 1943-க்கும் இடையே சப்பானியர் அமைத்த அப்பாதையில் இறந்த வெள்ளைப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்க்கோ பெயர்ப்பட்டியலும் இல்லை. பிழைத்து வந்த முதியோர் வாய்திறந்து சொன்னதைப் பதிந்தபோதுதான், சுருளில் இல்லாத வரலாறு படமாயிற்று. அவர்களும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

சுருள் காத்திருக்கலாம், நாடா காத்திருக்கலாம், எண்பது வயதுக் கிழவி காத்திருக்க மாட்டாள். அவள் கண் மூடும்போது, படத்தில் சிரித்து நிற்கும் பத்துப்பேரின் பெயரும் அவளோடு சேர்ந்து போய்விடும். பிறகு அந்தச் சிரிப்பு யாருடையதோ ஒரு சிரிப்பு. அந்த முகம் யாருடையதோ ஒரு முகம்.

ஆகவே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சத்திரப்பட்டித் தறிக்கூடத் தெருவிலோ, திருவில்லிபுத்தூர் நெசவாளர் வீதியிலோ, ஒரு வீட்டுத் திண்ணையில் போய் அமருங்கள். சுவரில் தொங்கும் படத்தைக் கீழே இறக்கித் தூசு தட்டுங்கள். நடுவில் இருப்பவரை எல்லோரும் அறிவர். ஓரத்தில் நிற்பவரைச் சுட்டிக் கேளுங்கள். விடை கிடைத்ததும், படத்தின் பின்புறத்தில் மையால் எழுதுங்கள்: பெயர், தெரு, தொழில், ஆண்டு. கோபுரம் சொல்லாததை நாம் அங்கே எழுதத் தொடங்கியிருப்போம்.